பேசாலைக்குப் போன ஹீற்றர்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பள்ளிமுனையில இருந்து பேசாலைக்குப் போய், சந்தியோகு பெரியப்பா வீட்டில ஒரு ஹீற்றரைப் பூட்டிக் குடுத்திட்டு வரவேணும்.

ஓம், ஹீற்றர்தான். அறையைச் சூடாக்கிற மெசின். மன்னாரில!

சிரிக்கிறவை சிரிச்சு முடியுங்கோ. நான் நிக்கிறன்.

வருசத்தில முக்கால்வாசி நாள் வெக்கையில கிடந்து சாகிற ஊர்தான். ஆனா மார்கழியில வாடைக்காத்து வீசத் தொடங்கினாப்பிறகு எங்கட ஆக்களை வந்து பாக்கவேணும். குரங்குத்தொப்பி, அதுக்கு மேல துவாய், காதுக்குள்ள பஞ்சு. வெறும் மேலோட கடலுக்குப் போய் வந்த மனுசரெல்லாம் வீட்டுக்குள்ள சுவெற்றரோட குந்தி இருப்பினம்.

பெரியப்பாவும் அப்பிடித்தான் இருந்தவர். பெரியம்மா மோட்சம் போனாப்பிறகு அந்த மனுசன் தனிய. வீடு கடலுக்குப் பக்கத்தில, அறை ஜன்னல் வடக்குப் பாத்து. ஒரே மகள் ரெஜினா அக்கா நோர்வேயில இருக்கிறா. அங்க ஒரு முதியோர் இல்லத்திலதான் வேலை. அவ வீடியோ கோல் எடுத்த நேரம் பாத்து மனுசனுக்குப் பல்லுக் கிட்டிப்போச்சு.

"அப்பா, அறையில எத்தினை டிகிரி?"

"அது ஆருக்குப் பிள்ளை தெரியும்? குளிருது."

அவ்வளவுதான். அக்காவுக்கு விசர் வந்திட்டுது.

"எங்கட வேலையிடத்தில வயசு போன ஆக்களின்ர அறை இருபத்திரண்டுக்குக் கீழ போனா, எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். ஊர் பேர் தெரியாத கிழவிக்கு நான் இஞ்ச சூடு பாத்துக்கொண்டு திரியிறன். என்ர அப்பா அங்க நடுங்குறார்!"

நத்தாருக்கு ஊருக்கு வந்த ஒருத்தரின்ர சூட்கேசில ஹீற்றர் வந்தது. ஒரு தெர்மோமீற்றரும் வந்தது. கூடவே எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜும் வந்தது.

"அன்ரன், நீதான் போய்ப் பூட்டவேணும். வீடு சரிவராட்டி அப்பாவை மன்னார் ரவுணில இல்லத்தில விடுறதுதான். அங்க இடமும் கேட்டு வச்சிட்டன்."

என்னை ஏன் பிடிச்சவ எண்டு கேக்கிறியளோ? குடும்பத்தில கரண்ட் வேலை தெரிஞ்சவன் நான்தானாம். கந்தோரில கிளாக் வேலை பாக்கிறவன் நான். ஒருக்கா கோயில் மண்டபத்தில பல்ப் ஹோல்டர் ஒண்டு மாத்தினனான். அது இன்னும் வெடிக்கேல்ல. அந்தப் பேரை வச்சுத்தான் இந்த நியமனம்.

பெட்டியை மோட்டச்சைக்கிளில கட்டிக்கொண்டு, மனுசிக்குச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். வழி முழுக்க வாடைக்காத்து. தலைமன்னார் றோட்டில நாலு கழுதையள் நடு றோட்டில நிண்டு காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதுகள். நான் ஹோர்ன் அடிச்சன். ஒண்டும் அசையேல்ல. கடைசியில நான்தான் மணலுக்குள்ள இறக்கி, விழுந்து, எழும்பி, சுத்திக்கொண்டு போனன். பெட்டிக்கு ஒண்டும் நடக்கேல்ல. என்ர முழங்கால் மட்டும்தான் உரிஞ்சது.

பெரியப்பா வாசலில நிண்டவர். மகள் கோலில பாக்கப்போறா எண்டு முழுகி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு இழுத்து வாரி, வடிவா நிண்டார். ஆனா முகத்தில சந்தோசம் இல்லை.

"தம்பி, இதைப் பூட்டினா அவள் என்னை இல்லத்துக்கு அனுப்ப மாட்டாள்தானே?"

"மாட்டா பெரியப்பா."

"எனக்கு இஞ்சயே இருக்கவேணுமடா. காலமையில எழும்பினா வள்ளம் வாற சத்தம் கேக்கவேணும்."

என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவர். இந்த மனுசனுக்கு ஹீற்றர் எரிய வைக்காமல் வீட்டுக்குப் போறேல்ல எண்டு அந்த இடத்திலயே முடிவெடுத்தன். அந்த முடிவுதான் எல்லாத்துக்கும் காரணம்.

முதல் பிரச்சினை பிளக். நோர்வேப் பிளக்குக்கு ரெண்டு கால். எங்கட சுவருக்கு மூண்டு ஓட்டை. மேல் ஓட்டைக்குள்ள பேனை மூடியைக் குத்தி, மல்ரி பிளக் ஒண்டை இடையில குடுத்து, ஒரு மாதிரி ஏத்திப்போட்டன். உதைப் பாத்துப் படிக்காதேங்கோ, தயவுசெய்து.

சுவிச்சைப் போட்டன்.

ஒண்டும் இல்லை.

அமத்தினன், தட்டினன், ஊதினன், பிரட்டிப் பிடிச்சு ஆட்டினன். சின்னப் பச்சை லைற் மட்டும் எரியுது. சூடு வாறேல்ல.

பேந்துதான் கூட வந்த புத்தகத்தைப் பாத்தன். நோர்வே பாசை. படத்தை வச்சு ஒரு மாதிரி விளங்கிக்கொண்டன். இது முதியோருக்கெண்டே செய்த ஹீற்றர். வயசு போன ஆக்கள் தெரியாமல் கூட்டி வச்சுச் சுட்டுக்கொள்ளக் கூடாதெண்டு, இருபத்திநாலோட பூட்டி வச்சிருக்கு. அறை அதுக்குக் கீழ போனால்தான் செம்மஞ்சள் லைற் எரிஞ்சு சூடு வரும்.

தெர்மோமீற்றரைச் சுவரில பிடிச்சுப் பாத்தன். இருபத்தாறு!

"பெரியப்பா, நோர்வேக் கணக்குப்படி உங்களுக்குக் குளிரேலாது."

"அந்தக் கணக்குப் போட்டவனை இந்தக் கட்டிலில வந்து படுத்துப் பாக்கச் சொல்லு!"

நியாயமான கதைதான். தெர்மோமீற்றரைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினன். உடன பதில் வந்தது.

"இருபத்தாறெண்டா அப்பா ஏன் நடுங்குறார்? நீ அதைக் கையில பிடிச்சுச் சூடாக்கிப் படம் எடுத்திருக்கிறாய். மூண்டு மணிக்குக் கோல் எடுப்பன். ஹீற்றரில செம்மஞ்சள் லைற் எரியிறதை எனக்குக் காட்டு. இல்லாட்டி நாளைக்கே இல்லத்துக்குச் சொல்லுறன்."

பெரியப்பா கட்டிலில இருந்திட்டார். செபமாலையைக் கையில எடுத்திட்டார்.

அப்பதான் எனக்கு மூளை வேலை செய்தது. என்ர மூளை வேலை செய்யிற நாளில நான் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கிறது நல்லது.

"பெரியப்பா, இதுக்குக் குளிருதெண்டு தெரிஞ்சால்தானே இது எரியும்?"

"ஓம்."

"அப்ப இதுக்குக் குளிரைக் காட்டுவம்."

பெரியப்பா என்னைப் பாத்தார். நாப்பது வருசம் கடல்தொழில் செய்த மனுசன். முகம் மலர்ந்து போச்சு.

"ஐஸ்!"

"ஐஸ்தான்!"

"டேய், நீ கெட்டிக்காரனடா!"

வேற ஊர் எண்டால் இந்த யோசனை ஆருக்கும் வந்திருக்காது. பேசாலையில மீனுக்குப் போடுற ஐஸ் எந்த நேரமும் கிடைக்கும். அதுதான் எங்களைக் கெடுத்தது.

கரைக்கு ஓடினன். மீன் வாடியில மரியதாஸ் அண்ணை ஐஸ் உடைச்சுக்கொண்டு நிண்டார்.

"அண்ணை, கெதியா ஐஸ் வேணும்."

"ஆர் வீட்டுக்கு?"

"சந்தியோகு பெரியப்பா வீட்டுக்கு. ரெஜினா அக்கா நோர்வேயில இருந்து மூண்டு மணிக்கு வீடியோவில பாக்கப்போறா. அதுக்குள்ள வைக்கவேணும்."

மரியதாஸ் அண்ணை கையில இருந்த கட்டையைக் கீழ வச்சார். தொப்பியைக் கழட்டினார். மீன் வைக்கிற ரெண்டு பெரிய ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் போட்டு, தானே தூக்கி ஓட்டோ ஒண்டில ஏத்திவிட்டார். காசு நீட்டினன். கையைத் தட்டிவிட்டார்.

"உதுக்கெல்லாம் காசு வாங்கிறதே தம்பி? நீ போ. நான் மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன்."

பேசாலைச் சனத்தைப் போல வருமா எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன். மற்ற ஆக்களுக்கு அவர் என்னத்தைச் சொல்லப்போறார் எண்டு யோசிக்கிற அளவுக்கு எனக்கு அந்த நேரம் பொழுது இல்லை.

அறைக்குள்ள கட்டிலின்ர தலைமாட்டில ஹீற்றர். ஒரு பெட்டியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வச்சன், மற்றதை இந்தப் பக்கம் வச்சன். ஒரு சொப்பின் பையில கொஞ்ச ஐஸை அள்ளி, ஹீற்றரின்ர கைபிடிக் காதில கட்டித் தொங்கவிட்டன். காத்து வராமல் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தினன். அறை இருண்டு போச்சு, மீன் மணம் வேற.

கொஞ்ச நேரத்தில "டிக்" எண்டு ஒரு சத்தம்.

செம்மஞ்சள் லைற்!

"எரியுதடா! எரியுதடா!" பெரியப்பா குழந்தைப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். நானும் தட்டினன். வாழ்க்கையில முதல்தரம் ஒரு மெசினை ஏமாத்தி இருக்கிறன்.

ஒரேயொரு விசயத்தை மட்டும் யோசிக்க மறந்திட்டன். ஹீற்றர் சூடானால் ஐஸ் உருகும். ஐஸ் உருகினால் தண்ணி கீழ வரும். கீழ மல்ரி பிளக் இருக்கு.

படார்!

நீலமா ஒரு வெளிச்சம், பிறகு புகை, பிறகு வீடு முழுக்கக் கரண்ட் இல்லை, சாத்தின அறை கும்மிருட்டு. ட்ரிப் சுவிச்சைத் தூக்கித் தூக்கிப் பாத்தன். நிக்கேல்ல. பெரியப்பா அலுமாரிக்குள்ள தடவி மெழுகுதிரி ஒண்டு எடுத்தார். அதைக் கொளுத்திக் கட்டிலின்ர தலைமாட்டில வச்சன்.

இப்ப அறைக்குள்ள சூடும் இல்லை, கரண்டும் இல்லை. ஐஸ் மட்டும் தாராளமா இருக்கு. மனுசன் முன்னையிலும் பாக்க மோசமா நடுங்கத் தொடங்கிட்டார்.

"தம்பி, என்னால ஏலாது. ஒரு போர்வை தா."

கைக்குப் பட்டது ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு. அதைக் கழுத்துமட்டும் இழுத்து மூடிவிட்டன். பெரியப்பா நேராக் கிடந்து, செபமாலையை நெஞ்சில வச்சு, ரெண்டு கையையும் கோத்து, கண்ணை மூடிச் செபிச்சார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மூண்டு மணியாகப் போகுது, காட்டுறதுக்கு லைற் இல்லை. நாளைக்கு இந்த மனுசன் வீட்டை விட்டுப் போகப்போறார், அதுவும் என்னால.

போன் அடிச்சது. அக்காதான்.

"அன்ரன், ஹீற்றரைக் காட்டு."

எனக்குக் கண் கலங்கிட்டுது. மெதுவாச் சொன்னன்.

"அக்கா... முதல் அப்பாவைப் பாருங்கோ."

போனைத் திருப்பினன்.

நீங்களே ஒருக்கா அதை நோர்வேயில இருந்து பாருங்கோ. இருட்டறை. தலைமாட்டில மெழுகுதிரி. வெள்ளைச் சேட்டு, வாரின தலை, வெள்ளை விரிப்பு, கோத்த கையில செபமாலை, மூடின கண். ரெண்டு பக்கமும் ஐஸ். வெளிநாட்டில இருக்கிற பிள்ளை வந்து சேருமட்டும் ஒரு ஆளை எப்பிடி வச்சிருக்கிறது எண்டு எங்கட பக்கத்துச் சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அக்கா போட்ட சத்தத்தில போன் கையை விட்டு விழுந்து, நேரா ஐஸ் பெட்டிக்குள்ள போயிட்டுது.

அள்ளி எடுத்துத் துடைச்சுப்போட்டுத் திருப்பிக் கோல் எடுத்தன். எங்கேஜ். திருப்பி எடுத்தன். எங்கேஜ். அக்கா உலகம் முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறா எண்டு விளங்கிச்சு.

அந்த நேரம் பாத்துக் கோயில் மணி அடிச்சது. விட்டு விட்டு, மெதுவா. துக்க மணி.

பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"ஆரோ மோசம் போயிட்டினம் போல கிடக்கு."

"ஓம் பெரியப்பா." மணி ஆருக்கெண்டு எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கிச்சு.

"ஆரடா? காலமை ஒரு கதையும் இல்லையே. பாவம், ஆரெண்டாலும் நல்ல ஆத்துமம்." நெத்தியில சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அந்த ஆத்துமத்துக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கிட்டார்.

பாதிச் செபத்தில மனுசனை மறிக்கக் கூடாதெண்டு விட்டிட்டன்.

கதவு திறந்தது. முதல் ஆளா ஓடிவந்தது பக்கத்து வீட்டுப் பிலிப்பு அண்ணை. இதிலதான் விசேசம் இருக்கு. பிலிப்பு அண்ணை வீட்டு மழைத்தண்ணி பெரியப்பா வளவுக்குள்ள வாறது எண்டு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. போன பாஸ்காவில இருந்து முகத்தில முழிக்கிறேல்ல. அந்த மனுசன் செருப்பும் இல்லாமல் ஓடிவந்து, கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு குளறுறார்.

"ஐயோ சந்தியோகு அண்ணை! ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டியளே! அந்தத் தண்ணியை நான் அங்கால வெட்டிவிட்டிருப்பனே! ஒரு மண்வெட்டி வேலைதானே!"

பெரியப்பா எழும்பி இருந்தார்.

"அப்ப ஏன்டா இவ்வளவு நாளும் வெட்டிவிடேல்ல?"

பிலிப்பு அண்ணை "யேசுவே!" எண்டு பின்னால சாய்ஞ்சார். சாய்ஞ்ச இடத்தில ஐஸ் பெட்டி. பெட்டிக்குள்ள இருந்துகொண்டு பெரியப்பாவையே பாத்தார். எழும்பவும் தெரியேல்ல, அழுகையை நிப்பாட்டவும் தெரியேல்ல.

அதுக்குள்ள வளவு நிறைஞ்சு போச்சு. தலையில அடிச்சுக்கொண்டு வந்த பொம்பிளையள் வாசலில நிண்டிட்டினம். கதிரை தூக்கிக்கொண்டு வந்தவை கதிரையோடயே நிக்கினம். மரியதாஸ் அண்ணை இன்னும் ஒரு பெட்டி ஐஸோட வந்தார். பங்குச் சுவாமி வந்தார், கையில தீர்த்தமும் புத்தகமும். எல்லாரும் முதல் பெரியப்பாவைப் பாத்தினம். பிறகு என்னைப் பாத்தினம்.

ஹீற்றர், இருபத்திநாலு, செம்மஞ்சள் லைற் எல்லாத்தையும் சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு விசரன்ர கதை மாதிரித்தான் கேட்டது.

சுவாமி புத்தகத்தை மூடிக் கக்கத்தில வச்சார். பிறகு கேட்டார்.

"தம்பி, நீர் கந்தோரில என்ன வேலை பாக்கிறீர்?"

"கிளாக், சுவாமி."

"கரண்ட் சம்பந்தமா ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை சுவாமி."

"ஆண்டவருக்குத் தோத்திரம்."

பெரியப்பாவுக்கு ஆனா நல்ல சந்தோசம். தன்ர செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வந்தது எண்டு உயிரோட இருந்து பாக்கிற வாய்ப்பு ஆருக்குக் கிடைக்கும்? கட்டிலில சப்பாணி கட்டி இருந்துகொண்டு ஒவ்வொருத்தரா எண்ணுறார்.

"வள்ளக்காரச் சம்மாட்டி வீட்டில ஆக்கள் வந்தவையோ? ம்ம். கடைக்காரன் வரேல்லைத்தானே? இருக்கட்டும், அவன்ர வீட்டில ஒரு துக்கம் வரட்டும், நானும் போகமாட்டன்."

ஆரோ தேத்தண்ணி வச்சினம். ஆரோ பிஸ்கட் கொண்டுவந்தினம். அழ வந்த பொம்பிளையள் வந்தது வந்தாச்செண்டு அறைக்குள்ளயே நெருக்கி இருந்து கதைக்கத் தொடங்கிட்டினம். இவ்வளவு சனத்தின்ர மூச்சுக்கு அறை சுடத் தொடங்கிட்டுது. பெரியப்பா குரங்குத்தொப்பி தேடேல்ல. விரிப்பைத் தள்ளிவிட்டு, சேட்டின்ர மேல் பொத்தானையும் கழட்டினார்.

அப்ப என்ர போன் திரும்ப அடிச்சது. ரெஜினா அக்கா. அழுது அழுது முகம் வீங்கிப் போச்சு. பின்னால ஒரு சூட்கேஸ் திறந்து கிடக்கு.

"அன்ரன்... அப்பாவை எப்ப எடுக்கிறது? எனக்கு நாளைக்குத்தான் பிளேன்..."

நான் வாய் திறக்க முதல் பெரியப்பா போனைப் பறிச்சிட்டார்.

"பிள்ளை, நீ ஏன் அழுறாய்? இஞ்ச பிலிப்பு தண்ணியை வெட்டிவிடுறானாம்!"

அந்தப் பக்கம் ஒரு அழுகை, அதுக்குள்ளயே ஒரு சிரிப்பு, பிறகு நோர்வே பாசையில ஏதோ. அது செபம் இல்லை எண்டு மட்டும் எனக்குத் தெரியும். நடந்ததை நான் முழுக்கச் சொல்லி முடிக்குமட்டும் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டா.

"அப்பா, இப்ப குளிருதோ?"

"குளிரோ? வேர்க்குது. இவளவையைக் கொஞ்சம் எழும்பி வெளியில போகச் சொல்லு."

பிலிப்பு அண்ணை எட்டிப் பாத்து, ஈரச் சாரத்தோட நிண்டு சொன்னார்.

"தங்கச்சி, அப்பாவை எங்கயும் அனுப்பாதேங்கோ. அந்த வடக்கு ஜன்னலுக்கு நான் நாளைக்குப் பலகை அடிச்சு விடுறன். இரவில என்ர மனுசி போர்வை கொண்டுவந்து குடுப்பா. அவர் போயிட்டார் எண்டு நினைச்ச அந்த நேரம் எனக்கு எப்பிடி இருந்தது எண்டு எனக்குத்தான் தெரியும்."

அதைச் சொல்லேக்க அவருக்குத் திரும்பவும் அழுகை வந்திட்டுது. பெரியப்பா மற்றப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைச்சார். அக்கா போனுக்குள்ளால அந்த அறையை, அந்தச் சனத்தை, கட்டிலில வேர்த்துக்கொண்டு இருக்கிற தகப்பனை மாறி மாறிப் பாத்தா.

"சரி அப்பா. நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம். அங்கயே இருங்கோ."

எனக்கு நெஞ்சில இருந்த பாரம் இறங்கிச்சு. ஹீற்றர் எரிஞ்சு போனாலும் வந்த காரியம் முடிஞ்சுதே! போனை வாங்கி, கொஞ்சம் பெருமையாவே கேட்டன்.

"அப்ப அக்கா, அந்த இல்லத்தில கேட்டு வச்ச இடத்தை வேண்டாமெண்டு சொல்லிவிடட்டோ?"

"வேண்டாம் அன்ரன். அதில உன்னைக் கொண்டுபோய் விடச்சொல்லி உன்ர மனுசிக்கு இப்பத்தான் மெசேஜ் போட்டனான்."